குறையாத எண்ணெய்

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரியைத் தந்தவள் என் தங்கச்சி மகள் பெனிட்டா. வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். "பெரியம்மா, நான் டூட்டியில இருக்கும்போது போன் பண்ணிப் பேசிக்கிட்டே இருக்கீங்க. பேசணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். கர்த்தருக்கு என் எழுத்து புரியும், அது போதும்.

நாளை முதல் எனக்கு இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும், ரேடியேஷன் என்கிறார்கள். மார்ச் மாதம் இடது மார்பில் ஆபரேஷன் ஆயிற்று. புண் ஆறிவிட்டது, ஸ்தோத்திரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும். சனி, ஞாயிறு லீவு. நடுவில் ஒரு நாள்கூட நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நற்கருணை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் கேட்டாள், "மைனி, தெனமும் அம்பது கிலோமீட்டர் எப்படிப் போவீங்க?" என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "எங்க கார் எதுக்கு இருக்கு? நான் கொண்டுபோயி நான் கொண்டுவாரேன்" என்றார். அவர் கரண்ட் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் ஏசுவடியான். ஜாய்ஸ் விடவில்லை. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தீங்க அண்ணே, இப்ப மைனிக்கு வைக்கக் கொண்டு போறீங்க" என்றாள். அவரும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 5, திங்கள்

முதல் நாள் முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை. மேசையில் படுக்க வைத்து, மார்பில் மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அழியக் கூடாதாம், சோப்புப் போடக் கூடாதாம். பெரிய மிஷின் தலைக்கு மேலே சுற்றுகிறது. மூச்சு விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே "முடிஞ்சிட்டும்மா, எந்திரிங்க" என்றாள் அந்தப் பெண். அவளிடம் ஊர், பெயர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாம் விசாரித்தேன். நல்ல பிள்ளை.

திரும்பி வரும்போது மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நீலமாகப் புகை. இது பழைய டீசல் கார். அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கினார். மெதுவாக உருட்டிக்கொண்டே எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இருக்கும் இசக்கி பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் காருக்குள்ளேயே இருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, இஞ்சினுக்குள்ள ரிங் தேஞ்சு போச்சு. வண்டி ஆயில் குடிக்கு. இஞ்சினைப் பிரிக்கணும், பதினஞ்சு நாளாவது நிக்கும்."

"நிக்க முடியாதுப்பா. இருவத்தஞ்சு நாளு எனக்கு இது ஓடணும்."

"அப்பம் குறையக் குறைய ஆயிலை ஊத்திக்கிட்டே ஓட்டுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளர். அளவு பாக்குற குச்சி வேற ஒடிஞ்சு கிடக்கு. புதுசு வர நாளாகும். புகையைப் பாத்து ஊத்திக்கிடுங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னான்?" என்றேன். "ஒண்ணும் இல்லட்டி" என்றார்.

அவருக்கு எதுவுமே ஒன்றுமில்லைதான்.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். ஸ்தோத்திரம்.

ஜூன் 7, புதன்

மூன்று முடிந்தது. வண்டிக்கு ஆயில் ஊற்றுவதைப் பற்றி இவர் பேச்சே எடுக்கவில்லை. காலையில் எழுந்தார், பால் வாங்கப் போனார், வந்தார், வண்டியை எடுத்தார். முன்மூடியைத் திறக்கவே இல்லை. இசக்கி சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று. நான் எடுத்துச் சொன்னால், "எனக்குத் தெரியாதாக்கும்" என்பார். பிரஷர் ஏறும். ஓட்டுகிறவருக்குப் பிரஷர் ஏறலாமா?

ஜாய்ஸ் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மூலம் ஒரு கேன் ஆயில் வாங்கித் தரச் சொன்னேன். "எதுக்கு மைனி?" என்றாள். "கேக்காத" என்றேன். அவளுக்கே ஆச்சரியம். நானா ஒன்றைச் சொல்லாமல் விடுவேன்?

ஜூன் 8, வியாழன்

காலை ஐந்தரைக்கு அவர் தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு பாலுக்குப் போனதும் முன்மூடியைத் திறந்தேன். அவர் திறப்பதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே ஒரு கொக்கி இருக்கும். இடது கையை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை. வலது கையால் தூக்கித் தலையால் முட்டுக் கொடுத்தேன். ஆயில் மூடியைத் திருகி ஒரு டம்ளர் ஊற்றினேன். விதவையின் கலயத்தில் எண்ணெய் குறையாமல் காத்தவரே, எங்கள் வண்டியிலும் குறையாமல் காரும் என்று ஜெபம் பண்ணி மூடினேன். அவர் வருவதற்குள் கையைக் கழுவிவிட்டுக் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.

இன்றைக்கு வண்டி பூப்போலப் போயிற்று. ஜெபத்துக்கு உடனே பதில். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஜூன் 13, செவ்வாய்

ஏழு. புகை கொஞ்சம் கூடுதல். குடிக்கிறது போல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை மாற்றி, தினமும் ஊற்றுகிறேன்.

ஜூன் 16, வெள்ளி

பத்து முடிந்தது! நோட்டில் பத்துக் கட்டத்தில் டிக் போட்டுக் காட்டினாள் அந்தப் பெண்.

உள்ளே காத்திருக்கும் இடத்தில் எல்லாப் பெண்களும் சிநேகமாகிவிட்டார்கள். வீரவநல்லூர்க்காரி ஒருத்தி, கயத்தாறு டீச்சர் ஒருத்தி. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் கூடவே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் மட்டும் என்னை வாசலில் இறக்கிவிட்டு, "நான் வண்டிகிட்ட நிக்கேன்" என்று போய்விடுகிறார். டீச்சர், "ஒங்க வீட்டுக்காரர் உள்ள வரமாட்டாரோ?" என்று கேட்டார்கள். அவருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது என்று சொன்னேன். ஆபரேஷன் அன்றும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றார் என்று பெனிட்டா சொன்னாள்.

வரும் வழியில் பாளையங்கோட்டை சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். காலேஜ் பிள்ளைகள் ஆறேழு பேர், எல்லாம் பெண் பிள்ளைகள், "ஆன்ட்டி நீங்க எறங்காதீங்க" என்று சொல்லித் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிவிட்டார்கள். ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பெயர்கூடக் கேட்க முடியவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டில் துணி ஊற வைக்கும்போது அவர் சட்டைக் கையில் கறுப்புக் கறை. "என்னங்க இது?" என்றேன். "டயரைப் பாத்தேன்" என்றார். டயரைப் பார்க்கிறவர் ஆயிலைப் பார்க்கமாட்டார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

பன்னிரண்டு. பெனிட்டா போன் பண்ணினாள்.

"பெரியம்மா, தோலு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மக்கா."

"கறுத்திருக்கா? எரியுதா?"

"வெயில்ல நின்னா எல்லாருக்குந்தான் கறுக்கும். இங்க ஆனிக் காத்து என்னமா அடிக்குது தெரியுமா? கொடியில ஒரு துணி நிக்க மாட்டேங்கு…"

"பெரியம்மா, பேச்சை மாத்தாதீங்க. பெரியப்பாட்ட குடுங்க."

அவர் வெளியே போயிருக்கிறார் என்றேன். சமையலறை வாசலில்தான் நின்றார். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஜூன் 22, வியாழன்

பதினான்கு. அக்குளில் தோல் உரிந்திருக்கிறது. வீட்டில் அவருடைய பழைய பனியனைப் போட்டுக்கொள்கிறேன், காற்றோட்டமாக இருக்கிறது. "என்னட்டி என் பனியனைப் போட்டிருக்க?" என்றார். புழுக்கம் என்றேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு வியாழனும் கேட்பார்கள். வலி இல்லை என்று சொன்னேன். வீரவநல்லூர்க்காரிக்கு இப்படித்தான் உரிந்தது. உண்மையைச் சொன்னாள், பத்து நாள் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் பத்து நாள் நின்றால் இந்த வண்டி தாங்குமா? இவர் தாங்குவாரா? மிச்சம் பதினொன்று. பல்லைக் கடித்துக்கொண்டால் போய்விடும்.

போன ஆகஸ்டில் குளிக்கும்போதுதான் கையில் முதலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. அதைப் பற்றி எழுத இந்த டைரி இல்லை. நன்றி சொல்லத்தான் இது. இன்று நாக்குக்குக் கேட்டது, வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். ஸ்தோத்திரம்.

ஜூன் 26, திங்கள்

பதினாறு. இரண்டாவது கேனும் பாதிக்கு வந்துவிட்டது. இந்த வண்டிக்கு எத்தனை ஊற்றினாலும் அடங்கவில்லை. ஊற்ற ஊற்றப் புகை, புகையப் புகைய ஊற்று. இன்று இரண்டு டம்ளர்.

ஜாய்ஸ் சொல்கிறாள்: "மைனி, ஒங்க வண்டி தெருவுல போனா கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சன்னலையெல்லாம் தொறந்து வைக்காரு." சிரித்துச் சிரித்து அக்குள் இழுத்துப் பிடித்துவிட்டது.

ஜூன் 30, வெள்ளி

மணி பத்தாகிவிட்டது. இருந்தாலும் இன்றே எழுதவேண்டும்.

இருபது முடிந்தது. திரும்பி வந்துகொண்டிருந்தோம். மூலைக்கரைப்பட்டி தாண்டி ஆள் அரவம் இல்லாத இடம். வண்டி தானாகவே உறும ஆரம்பித்தது. "ஏன் இப்படி மிதிக்கீங்க?" என்றேன். "நான் மிதிக்கலட்டி" என்றார். பார்த்தேன், அவர் கால் தரையில் இருந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. பின்னால் ரோடே தெரியாத அளவு வெள்ளைப் புகை. அவர் சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. சாவியை வெளியே உருவிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாவி அவர் கையில், இஞ்சின் பாட்டுக்கு அலறுகிறது. பேய் பிடித்தால் அப்படித்தான் கத்தும்.

நான் இயேசுவே இயேசுவே என்று கத்தினேன். அவர் என் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கி, "குனிஞ்சுக்கோ" என்றார். மேல் கியரைப் போட்டு, பிரேக்கில் ஏறி நின்று, கிளட்ச்சைப் பட்டென்று விட்டார். வண்டி குலுங்கியது. உள்ளே இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. காற்று உடைமரத்தில் போவது மட்டும் கேட்டது.

இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தோம்.  அவர் சாவியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். "இன்னும் அஞ்சுல்லா இருக்கு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இசக்கிக்கு போன் பண்ணினோம். ஜாய்ஸ் வீட்டுக்காரருடைய லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

எதிரே ஒரு பஸ்ஸோ லாரியோ வரவில்லை. ஒரு ஆடு மாடு குறுக்கே வரவில்லை. உயிரோடு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

ஜூலை 1, சனி

காலையில் இருவரும் பட்டறைக்குப் போனோம். இசக்கி வண்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து இஞ்சின் அடி மறையாணியைக் கழற்றினான். ஆயில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்து, அவன் ஓடிப்போய் ஒரு பக்கெட்டை எடுத்து வந்தான்.

"அண்ணாச்சி, இது நாலு லிட்டரு கொள்ளுத வண்டி. ஏழுக்கு மேல இருக்கு. கூடிப்போன ஆயில் காத்துப் போற வழியா உள்ள ஏறி, டீசலுக்குப் பதிலா ஆயிலையே எரிச்சு ஓடியிருக்கு. அதான் சாவியை எடுத்தும் நிக்கல. எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஒண்ணுவிட்டு ஒரு நாளு ஒரு டம்ளர். நீ சொன்ன கணக்குத்தான்" என்றார் அவர். "அப்புறம் புகை கூடுச்சுன்னு தெனமும். ஆஸ்பத்திரியில இவ உள்ள போனதும் ஊத்திருவேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "நீங்க ஊத்துனீங்களா?"

"பின்ன யாரு ஊத்துவா?"

"நான் ஊத்துனேன். காலையில. நீங்க பாலுக்குப் போனதும்."

இசக்கி பக்கெட்டைக் கீழே வைத்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "ஏ யக்கா! சர்ச்சுல மைக் இல்லாமலே ஒங்க பேச்சு எங்க கோயில் வரைக்கும் கேக்கும். இதை ஒரு வார்த்தை அண்ணாச்சிட்ட சொல்லப்படாதா? அண்ணாச்சி, ஒங்களுக்காவது வாய் இல்லையா? ரிங் குடிச்சது கொஞ்சந்தான். நீங்க ரெண்டு பேரும் ஊட்டியில்லா கொன்னுட்டீங்க!"

அவனுக்கு அடக்க முடியாத சிரிப்பு. எண்ணெய் குறையாமல் காரும் என்று கேட்டேன். கேட்டதற்கு மேல் கொடுத்திருக்கிறார். உள்ளே ராடு வளைந்துவிட்டதாம். ஒரு மாதமாவது வண்டி எழுந்திருக்காது.

பட்டறையிலிருந்து நடந்தே வந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

"என்ட்ட சொன்னா என்ன?"

"நீங்க சொன்னீங்களா? ஒண்ணும் இல்லன்னுதான சொன்னீங்க."

"நீ பயந்துருவன்னு சொல்லல."

"ஒங்களுக்குப் பிரஷர் ஏறும்னு நான் சொல்லல."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "ஆகஸ்டுல தெரிஞ்சதை நீ கிறிஸ்துமசுக்குத்தான சொன்ன."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "கிறிஸ்துமசுக்குச் சொன்னதை நீங்க கொழுப்புக் கட்டி, ஒண்ணும் இல்லன்னு சொல்லி மார்ச்சுலதான காதுல வாங்குனீங்க" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெந்துபோயிற்று. அவர் முன்னால் வேகமாக நடந்தார், நான் பின்னால் வந்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். ஸ்தோத்திர ஜெபத்தில் உயிர் தப்பியதைச் சொல்லி எல்லோரும் நன்றி செலுத்தினார்கள். நானும் செலுத்தினேன்.

மத்தியானம் அவரே ரசம் வைத்தார். உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

காலை ஆறு பத்துப் பஸ். ஜாய்ஸ் வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே, வேண்டாம் என்றோம். பஸ்ஸில் ஏறியதும் இவர் கண்டக்டரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். கண்டக்டர் இடது பக்கத்து ஜன்னல் சீட்டில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். என் இடது கை ஜன்னல் பக்கம், யாரும் இடிக்க முடியாது. வலது பக்கம் சுவர் மாதிரி இவர்.

நான்கு வாரம் ஒரே வண்டியில் போனோம். அவர் ரோட்டைப் பார்ப்பார், நான் சிவப்பு விளக்கைப் பார்ப்பேன். இன்று இருவருக்கும் பார்க்க ஒன்றும் இல்லை. பஸ் தூக்கிப் போட்டது. நான் கம்பியைப் பிடித்தேன். முகம் சுளித்திருப்பேன் போல.

"வலிக்கா?" என்றார்.

இத்தனை நாளில் முதல் தடவை கேட்கிறார். வாய் பழக்கத்தில், "இல்லயே" என்றேன்.

அவர் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேற்று முன்தினம் அந்த ஆயில் நிறைந்து வழிந்த தொட்டி நினைவுக்கு வந்தது. அடுத்த ஊரில் பஸ் நின்று, ஆட்கள் ஏறி, திரும்பவும் கிளம்பியது.

"வலிக்கு" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"பத்துப் பதினஞ்சு நாளா. அக்குள்ள தோல் உரிஞ்சு நீர் வடியுது. சொன்னா நிறுத்திருவாங்கன்னு சொல்லல."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். என் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், அவர் வாசலில் நிற்கவில்லை. என் கூடவே டாக்டரம்மா அறை வரை வந்தார். வாடையில் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் வந்தார். "டாக்டர், இவ ஒங்கள்ட்ட பொய் சொல்லியிருக்கா. பாருங்க" என்றார். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்கள். நல்ல திட்டு. "ஒரு வாரம் நாங்க நிறுத்துறோம், மருந்து தர்றோம். அதனால பெரிசா ஒண்ணும் கெட்டுடாது. இன்னும் ஒரு வாரம் மறைச்சிருந்தீங்கன்னா புண்ணு ஆழமாகி மாசக்கணக்குல நிறுத்தியிருப்போம்" என்றார்கள்.

இவர் மருந்து எப்படிப் போடவேண்டும் என்று நர்ஸிடம் மூன்று தடவை கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி அவரே போட்டுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அந்த இடத்தை அவரிடம் காட்டியதில்லை. அவரும் பார்க்கக் கேட்டதில்லை. மருந்து போட்டு முடித்து, "ஊதட்டா?" என்று கேட்டார். ஊதச் சொன்னேன்.

இதற்கு மேல் எழுதவில்லை. ஸ்தோத்திரம்.

ஜூலை 10, திங்கள்

தோல் காய்ந்துவிட்டது. திரும்ப ஆரம்பித்தார்கள். இருபத்தொன்று.

ஜூலை 14, வெள்ளி

இருபத்தைந்து! கடைசிக் கட்டத்தில் டிக் போட நானே பேனாவை வாங்கிப் போட்டேன். கயத்தாறு டீச்சர் கட்டிப்பிடித்து அழுதார்கள், அவர்களுக்கு இன்னும் ஆறு இருக்கிறது. மிஷின் ரூம் பெண்ணுக்கு வீட்டில் செய்த முந்திரிக் கொத்து கொடுத்தேன். இவர் பெஞ்சில் வீரவநல்லூர்க்காரியின் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து, கார் ஏன் சாவியை எடுத்தும் நிற்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. "உள்ள என்ன சொன்னாவ?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரம்மா சொன்னது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றது, ஒவ்வொரு தடவை மிஷின் சுற்றும்போதும் நான் என்னென்ன நினைத்துப் பயந்தேன் என்பது, ஆகஸ்டில் குளியலறைக்குள் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது, அவரிடம் சொல்ல எத்தனை நாள் வாய் வரை வந்து திரும்பிப் போனேன் என்பது. பாளையங்கோட்டை போயிற்று, மூலைக்கரைப்பட்டி போயிற்று, அந்த உடைமரமும் போயிற்று. நான் நிறுத்தவில்லை. நடுவில் அவர் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

முன் சீட்டுப் பெண்பிள்ளை திரும்பிப் பார்த்து, "யக்கா, ஒங்க வீட்டுக்காரரு எப்பவோ தூங்கிட்டாரு. நீங்க யார்ட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே, "தூங்கல. நீ சொல்லுட்டி" என்றார்.